பள்ளி மேலாண்மைக் குழு

ஆறு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகள் அனைவருக்கும் கல்வி பெறுதல் அடிப்படை உரிமையாகும். 2002ஆம் ஆண்டில் நிறைவேறிய 86ஆவது அரசியலமைப்புத் திருத்தம் இவ்வுரிமையை வழங்கியது. அதனைச் செயற்படுத்தும் பொருட்டு 2009ஆம் ஆண்டில் கல்வி உரிமைச் சட்டம் இயற்றப்பட்டு, 2010ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. கட்டணமில்லாக் கல்வியை அளிக்கும் சட்டமாகவே பலரும் இதனை அறிந்துள்ளனர். பள்ளியைக் கண்காணிக்கும் பொறுப்பை யாரிடம் ஒப்படைப்பது என்ற வினாவுக்கும் இதே சட்டத்தின் 21ஆம் பிரிவு விடை கூறுகிறது என்பதைச் சிலரே அறிவர். அங்கே படிக்கும் குழந்தைகளின் பெற்றோரே முதன்மையாக அப்பொறுப்பை ஏற்க வேண்டும் என்பதே அவ்விடை.

அரசின் உதவி பெறாத தனியார் பள்ளிகள் தவிர ஏனைய பள்ளிகள் யாவும் பள்ளி மேலாண்மைக் குழுவை அமைத்தல் வேண்டும். குழுவில் நான்கில் மூன்று பங்கினரேனும் பெற்றோராகவோ காப்பாளராகவோ இருத்தல் வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருத்தல் வேண்டும். நலிந்த பிரிவினரின் பெற்றோர்க்கும் அவர்தம் எண்ணிக்கைக்கு ஏற்ப இடமளிக்க வேண்டும். மைய அரசு வகுத்த மாதிரி விதிகளின்படி பன்னிருவர் கொண்ட குழுவை அமைத்தால், அதில் ஒன்பது பேர் பெற்றோர். எஞ்சிய மூன்று இடங்களில் ஊராட்சி உறுப்பினர் ஒருவரும், ஆசிரியர் ஒருவரும், உள்ளூர்க் கல்வியாளரோ மாணவரோ ஒருவரும் அமர்வர். தலைவரும் துணைத் தலைவரும் பெற்றோரிலிருந்தே தேர்ந்தெடுக்கப்படுவர். தலைமையாசிரியர் கூட்டத்தைக் கூட்டுபவரே அன்றித் தலைமை தாங்குபவர் அல்லர். கேந்திரிய வித்யாலயங்களில் இதனையொத்த பணியை ஆற்றும் வித்யாலய மேலாண்மைக் குழுவுக்குப் பெரும்பாலும் உயர் அலுவலர் ஒருவர் தலைமை வகிப்பார். ஊர்த் தொடக்கப் பள்ளியிலோ, நாள்தோறும் வயலுக்குச் செல்லும் ஒரு தாய் அவ்விருக்கையில் அமரக்கூடும். சிறிதாகத் தோன்றும் இவ்வேறுபாடு உண்மையில் மிகப் பெரியது.

குழு மாதம் ஒருமுறையேனும் கூட வேண்டும். கூட்ட நடவடிக்கைகளை எழுதி, ஊரார் அனைவரும் காணுமாறு வைத்தல் வேண்டும். பள்ளியின் செயற்பாட்டைக் கண்காணித்தல், வரும் மானியம் முறையாகச் செலவிடப்படுகிறதா என நோக்குதல், பள்ளி வளர்ச்சித் திட்டம் வகுத்தல் ஆகியவை அதன் தலையாய பணிகள். இவற்றுள் வளர்ச்சித் திட்டமே குழுவின் கையிலுள்ள வலிமையான கருவி. மூன்றாண்டுகளுக்கான திட்டத்தைக் குழு நிதியாண்டு முடிவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே வகுத்தல் வேண்டும். அரசு வழங்கும் மானியத்துக்கு அத்திட்டமே அடிப்படையாக அமைய வேண்டும் எனச் சட்டம் கூறுகிறது.

ஐந்து வகுப்புகளில் 94 குழந்தைகள் படிக்கும் ஓர் ஊர்ப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். அங்கு இருவரே கற்பிக்கின்றனர். ஓர் ஆசிரியர் முதல் மூன்று வகுப்புகளை ஒரே அறையில் அமர்த்தி, ஒரு வகுப்புக்குப் பாடம் நடத்தும்போது ஏனைய இரு வகுப்பினரையும் எழுதச் சொல்கிறார். இதனைக் காணும் பெற்றோர் ஆசிரியரைக் குறைகூறுவது வழக்கம். ஆனால் சட்டத்தின் அட்டவணையைப் பார்த்தால் உண்மை வேறாகும். 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூவர். 91 முதல் 120 வரை நால்வர். ஆகவே அப்பள்ளிக்கு இன்னும் இரண்டு ஆசிரியர்கள் வந்தாக வேண்டும். வகுப்புவாரியான மாணவர் எண்ணிக்கையையும் தேவைப்படும் ஆசிரியர் எண்ணிக்கையையும் வளர்ச்சித் திட்டத்தில் குறித்து, தலைவரும் கூட்டுநரும் கையொப்பமிட்டு அனுப்பினால், வெறும் முறையீடு சட்டப்படியான கோரிக்கையாகிறது. வராத ஆசிரியருக்காக வந்திருக்கும் ஆசிரியரை ஏசுவதில் பயனில்லை.

பணத்தின் கதையும் இத்தகையதே. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் நெறிமுறைப்படி, நூறு மாணவர்க்குள் படிக்கும் இத்தகைய பள்ளிக்கு ஆண்டு மானியம் 25,000 ரூபாய். அதில் பத்தில் ஒரு பங்கினைத் தூய்மைப் பணிக்கு ஒதுக்க வேண்டும். அத்தொகை 2,500 ரூபாய். மாதத்துக்கு ஏறத்தாழ 208 ரூபாய். கழிப்பறையைத் தூய்மை செய்வோரின் கூலி, துடைப்பம், வாளி யாவும் இதற்குள் அடங்க வேண்டுமென்றால் கணக்கு இடிக்கிறது. சுண்ணாம்பு அடிப்பதா, உடைந்த குழாயை மாற்றுவதா, கரும்பலகை வாங்குவதா என்ற வாதம் எழும் இடம் இதுவே. பெண் குழந்தைகளின் கழிப்பறைக் கதவு பெயர்ந்து கிடக்குமானால், அதனை முதலில் கூறுபவர் பெரும்பாலும் ஒரு தாயாகவே இருப்பார். பாதி இடங்கள் பெண்களுக்கு உரியவை என்ற விதியின் பயன் இவ்விடத்தில் விளங்கும்.

மதிய உணவும் குழுவின் பார்வைக்கு உட்பட்டது. தொடக்க வகுப்புக் குழந்தை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 கிராம் தானியம், 450 கலோரி ஆற்றல், 12 கிராம் புரதம் என்பது அளவு. குழந்தைகள் தண்டிக்கப்படுதல், சேர்க்கை மறுக்கப்படுதல் போன்றவற்றை ஊராட்சி முதலிய உள்ளாட்சி அமைப்பின் கவனத்துக்குக் கொண்டு செல்வதும் குழுவின் கடமை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் உதவி, தேர்தல் ஆகியவை தவிர ஏனைய கற்பித்தல் அல்லாத வேலைகளை ஆசிரியர்மேல் சுமத்துதல் கூடாது; அதனையும் குழு கவனிக்க வேண்டும். ஆகவே குழு ஆசிரியரைக் கண்காணிப்பது போலவே அவரைக் காக்கவும் கடமைப்பட்டுள்ளது.

பள்ளிக்கு வாராத குழந்தைகளைக் கண்டறிவதும் பெற்றோர் பணியே. இதற்கு இராஜஸ்தானில் 1992ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட லோக் ஜும்பிஷ் திட்டம் நல்ல வழிகாட்டியது. ஊர்மக்களே தம் ஊரின் வரைபடத்தை வரைந்து, ஒவ்வொரு வீட்டிலும் பள்ளி செல்லும் குழந்தை யார், செல்லாத குழந்தை யார் எனக் குறியிட்டனர். எழுதப் படிக்க அறியாதவரும் அப்படத்தைப் புரிந்துகொள்ள முடிந்தது.

எல்லாம் எழுதியவாறே நடக்கின்றன எனக் கொள்ளுதல் தவறு. பகற்பொழுதில் கூட்டம் வைத்தால் கூலி வேலை செய்வோர் ஒருநாள் வருவாயை இழக்க நேரும். பற்றுவரவுக் கணக்கினைப் படிக்க இயலாத உறுப்பினர், காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்துவிட்டு வீடு திரும்புவதும் உண்டு. இவற்றினும் பெரிய குறை ஒன்று உள்ளது. குழுவுக்குப் பார்க்கும் கடமை உண்டு. பரிந்துரைக்கும் உரிமை உண்டு. ஆனால் ஆணையிடும் அதிகாரம் மிகக் குறைவு. பரிந்துரை அலுவலகக் கோப்பில் உறங்குமானால், அதனை எழுப்புவதற்குக் குழுவிடம் வழி அதிகமில்லை.

இக்குறையை நாகாலாந்து மாநிலம் வேறு விதமாக அணுகியது. மலையூர்களில் பள்ளிகளும் ஆசிரியர் பணியிடங்களும் இருந்தன. ஆசிரியரோ பல நாள் வருவதில்லை. நெடுந்தொலைவிலிருந்து அலுவலர் வந்து சோதிப்பதும் அரிது. ஊதியம் மட்டும் தவறாமல் சென்றுகொண்டிருந்தது. 2002ஆம் ஆண்டில் அம்மாநிலம் பொது நிறுவனங்களின் மேலாண்மையை ஊர்ச் சமூகத்திடம் ஒப்படைக்கும் சட்டத்தை இயற்றியது. அதன்படி, ஆசிரியர்களின் ஊதியத் தொகை கிராமக் கல்விக் குழுவின் வங்கிக் கணக்குக்கு வரும். குழுவே அதனை வழங்கும். விடுப்பின்றி வாராத நாள்களுக்கு உரிய ஊதியத்தைப் பிடித்தம் செய்யலாம். ஆசிரியர் அரசு ஊழியராகவே நீடிப்பார். அவர் வந்தாரா என்பதை ஊரே அறியும். இம்முயற்சிக்கு 2008ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அவையின் பொதுச் சேவை விருது கிடைத்தது.

இவ்வழியிலும் இடர் இல்லாமலில்லை. ஓரூரில் வாழ்வோர் உறவினராகவும் அண்டை வீட்டாராகவும் இருப்பர். நாள்தோறும் முகம் பார்ப்பவரின் ஊதியத்தைப் பிடிப்பதற்கு நெஞ்சுரம் வேண்டும்; பழைய பகையைத் தீர்க்க அவ்வதிகாரத்தைப் பயன்படுத்தாதிருக்க நடுவுநிலைமையும் வேண்டும். மாதிரி விதிகள் குழுவை இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றியமைக்கச் சொல்வதற்கு இதனையும் ஒரு காரணமாகக் கொள்ளலாம்.

பயிற்சி

1. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்க்கும் பெண்களுக்கும் உரிய இடங்கள் எவ்வளவு?
2. 118 குழந்தைகள் படிக்கும் தொடக்கப் பள்ளியில் எத்தனை ஆசிரியர்கள் இருத்தல் வேண்டும்? 121ஆவது குழந்தை சேர்ந்தால் குழு என்ன செய்ய வேண்டும்? அட்டவணையைத் தேடிப் பார்த்து எழுதுக.
3. 'கைநாட்டு', 'பற்றுவரவு', 'நெஞ்சுரம்' ஆகிய சொற்களைச் சொந்தத் தொடரில் அமைத்து எழுதுக.
4. ஆசிரியரின் ஊதியத்தை ஊர்க்குழு வழங்குவது நன்றா? நும் கருத்தினை ஒரு பத்தியில் எழுதுக.