கழிவுநீரைத் தெளியவைக்கும் சிற்றுயிர்கள்

ஒருசெல் உயிரி என்றதும் மருத்துவர்களாகிய எங்களுக்கு அமீபாச் சீதபேதியும் மலேரியாவுமே முதலில் நினைவுக்கு வரும். ஆயினும் நோய் செய்யாத ஒருசெல் உயிரிகளும் பல உள்ளன. அவற்றுள் சில, மருத்துவமனைக் கழிவுநீர் சுத்திகரிப்புத் தொட்டிகளில் எங்களுக்குத் துணைபுரிகின்றன.

கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்தி, அதில் பெருகும் பாக்டீரியாக்களைக் கொண்டே அதனைத் தூய்மையாக்கும் முறையை 1914-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் எட்வர்ட் ஆர்டெர்ன், வில்லியம் லாக்கெட் என்ற இருவர் வெளியிட்டனர். கரைந்துள்ள கழிவை உண்டு பெருகும் பாக்டீரியாக்கள் சிறு திரள்களாக ஒட்டிக்கொண்டு அடுத்த தொட்டியில் படிந்துவிடும். ஆனால் எல்லாப் பாக்டீரியாக்களும் திரளில் சேர்வதில்லை. தனித்து மிதப்பவை நீரைக் கலங்கலாக வைத்திருக்கும். குடலிலிருந்து வந்த நோய்க்கிருமிகளும் அவற்றுள் இருக்கலாம்.

அவற்றை உண்பவை வோர்டிசெல்லா போன்ற குற்றிழை உயிரிகள். வோர்டிசெல்லாவின் உடல் மணி போன்றது. காம்பு சுருள்வில்லைப் போலச் சுருங்கும். வாயைச் சுற்றியுள்ள நுண்ணிழைகளை அசைத்து, மிதக்கும் பாக்டீரியாக்களை நீரோடு உள்ளிழுக்கும். 1960-களின் இறுதியில் பிரிட்டனில் கர்ட்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடன் பணிபுரிந்தோரும் இவ்வுயிரிகளே இல்லாத சிறு தொட்டிகளை இயக்கிப் பார்த்தனர். வெளிவந்த நீர் மிகவும் கலங்கியிருந்தது. குற்றிழை உயிரிகளைச் சேர்த்த பின் தெளிந்தது. எனினும் இவை எல்லாக் கிருமிகளையும் ஒழிப்பதில்லை. ஆகவே இறுதியில் குளோரின் சேர்க்கப்படுகிறது. அதுவும் தெளிந்த நீரில்தான் நன்கு செயல்படும்.

நாங்கள் இரத்தத் துளியை நுண்ணோக்கியில் காண்பதைப் போலவே, சுத்திகரிப்பு நிலையத்தாரும் தொட்டிச் சேற்றின் ஒரு துளியைக் காண்கின்றனர். காம்புடைய உயிரிகள் நிறைந்திருப்பது நல்ல அறிகுறி. அவை திடீரென மறைந்தால் காற்று குறைந்திருக்கும், அல்லது நஞ்சு கலந்திருக்கும்.

அந்த நஞ்சு நோயாளியின் அறையிலிருந்தே செல்லக்கூடும். துர்நாற்றம் நீங்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் ஒரு புட்டி ஃபினாயிலைக் கழிப்பறையில் கவிழ்ப்போரை நாங்கள் கண்டிருக்கிறோம். மீந்த ஆன்டிபயாடிக் மாத்திரைகளைக் கழிப்பறையில் போடுவது இன்னும் கவலைக்குரியது. அம்மருந்து தொட்டியின் பயனுள்ள பாக்டீரியாக்களைத் தாக்கும். தப்பிப் பிழைப்பவை மருந்துக்கு அடங்காதவையாகப் பெருகவும் இடமுண்டு. அத்தகைய கிருமி நோயாளியின் உடலில் புகுந்தால், எங்கள் கையில் மிஞ்சும் மருந்துகள் மிகச் சிலவே.

ஆகவே, மீந்த மாத்திரைகளையும் சிரப்புகளையும் வார்டு செவிலியரிடம் ஒப்படையுங்கள். கழிப்பறையில் துர்நாற்றம் இருப்பின் துப்புரவுப் பணியாளரை அழையுங்கள். எவ்வளவு கிருமிநாசினி போதும் என்பதை அவர்கள் அறிவர்.