சார்ஜ் ஏறவில்லையா? ஆல்டர்நேட்டரை மாற்றும் முன்

வண்டி ஓடும்போது பேட்டரி விளக்கு சிவப்பாக எரிந்தால் உடனே புது ஆல்டர்நேட்டர் வாங்கக் கிளம்பாதீர்கள். தளர்ந்த பெல்ட், கழன்ற வயர், தேய்ந்த கார்பன் பிரஷ் எனச் சில்லறைக் கோளாறாகவே இருக்கலாம். பழைய மாருதி 800 போல, ரெகுலேட்டர் ஆல்டர்நேட்டருக்குள்ளேயே இருக்கும் வண்டிகளுக்கான முறை இது. கம்ப்யூட்டர் சார்ஜைக் கட்டுப்படுத்தும் புதிய கார்களில் அளவுகள் ஏறி இறங்கும். அவற்றை இந்தக் கணக்கில் எடைபோடக் கூடாது.

முதல் வேலை மல்டிமீட்டருக்கு. எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். 12.5-க்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் சார்ஜ் இல்லை; 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் மேல்தான் சந்தேகம். ஓடும் எஞ்சினில் பேட்டரி வயரைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அப்போது குபீரென்று எழும் வோல்டேஜ் டயோடையும் மற்ற மின்னணுப் பாகங்களையும் கருக்கிவிடும்.

எஞ்சினை அணைத்து, பெல்ட்டில் வெடிப்போ தளர்வோ உண்டா, பேட்டரி முனையில் உப்புப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். மறுபடி ஓடவிட்டு, ஆல்டர்நேட்டரின் தடித்த வயர் முனையில் அளவெடுங்கள். அங்கே 14 வோல்ட், பேட்டரியில் 12.5 என்றால் குற்றம் இடையிலுள்ள வயரிலோ ஃபியூஸிலோதான்.

அடுத்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். பேட்டரி விளக்கு எரிய வேண்டும். அந்தச் சின்ன பல்பு வழியாகத்தான் ரோட்டருக்கு முதல் மின்சாரம் போகிறது. பல்பு ஃபியூஸானால் நல்ல ஆல்டர்நேட்டரும் சார்ஜ் தராமல் இருக்கக்கூடும். இதே நிலையில் பின்பக்க பேரிங் அருகே ஸ்குரூடிரைவரைக் கொண்டுபோனால் காந்தம்போல் இழுக்கும். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. இழுத்தால் டயோடு, ஸ்டேட்டர் பக்கம் பாருங்கள். இழுக்காவிட்டால் பிரஷ், ரெகுலேட்டர், ரோட்டர்.

கழற்றுவதானால் முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரை எடுத்துவிடுங்கள். பின்மூடியைத் திறந்து, பிரஷ் 5 மி.மீ.-க்குக் குறைந்திருந்தால் மாற்றுங்கள். கறுத்த ஸ்லிப் ரிங்கை மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும். இரண்டு ரிங்குகளுக்கிடையே சில ஓம் காட்டினால் ரோட்டர் சுருள் அறுபடவில்லை. ரிங்குக்கும் ஷாஃப்ட்டுக்கும் இடையே தொடர்பே இருக்கக் கூடாது. டயோடு தட்டை மாற்றப் பெரிய சால்டரிங் அயர்ன் வேண்டும், அதை ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விடுவதே நல்லது.

மாட்டியபின் ஹெட்லைட்டையும் புளோயரையும் போட்டு அளவெடுங்கள், 13.5-க்குக் குறையக் கூடாது. அடியோடு இறங்கிய பேட்டரியை வெளிச் சார்ஜரில் ஏற்றிவிட்டு அளவெடுங்கள். இல்லாவிட்டால் ஆல்டர்நேட்டர் சூடேறித் திணறும்.