வீட்டிலே குழந்தைக் காப்பகம் நடத்தலாமா?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து நாள்தோறும் காலையில் பெண்கள் தோல், காலணித் தொழிற்சாலைகளுக்குப் புறப்படுகிறார்கள். கைக்குழந்தை யாரிடம் இருக்கிறது என்று வினவினால், பாட்டியிடம் என்றோ, பள்ளிக்குப் போகாமல் நின்றுவிட்ட மூத்த மகளிடம் என்றோ விடை வரும். பின்னைய விடையைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஒரு குழந்தையைக் காக்க மற்றொரு குழந்தையின் படிப்பு போகிறது.

முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைக் காப்பகம் வேண்டுமென 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. 2017 இல் மகப்பேற்று நலச் சட்டம் திருத்தப்பட்டபோது, ஐம்பது பேர் வேலை செய்யும் இடங்களுக்கும் இக்கடமை விரிந்தது. தாய் நாளொன்றுக்கு நான்கு முறை சென்று குழந்தையைப் பார்க்கவும் உரிமை வந்தது. எனினும், நெரிசல் மிக்க பஸ்ஸில் குழந்தையைத் தூக்கிச் செல்லப் பலர் தயங்குகின்றனர். வீட்டிலிருந்தே காலணியின் மேல்தோல் தைக்கும் பெண்களுக்கோ ஆலைக் காப்பகம் எட்டுவதே இல்லை. அங்கன்வாடியும் ஆலையின் வேலை முடியுமுன்னே மூடிவிடுகிறது.

ஆகையால், அண்டை வீட்டுக் குழந்தைகளைக் கூலிக்குப் பார்த்துக்கொள்ளலாமா என்று ஒரு பெண்மணி எண்ணுவது இயல்பே. பிரான்சு நாட்டில் இத்தகையோர் அரசின் அனுமதி பெற்று, வீட்டைச் சோதனைக்கு உட்படுத்திய பின்னரே தொழில் தொடங்குகின்றனர். நம் நாட்டில் குழந்தைப் பராமரிப்புப் பயிற்சிக்குச் சான்றிதழ் உண்டு. அது கற்றதற்குச் சான்றேயன்றி வீட்டிற்குச் சான்று ஆகாது. வீட்டைச் சோதிக்கும் பொறுப்பு அப்பெண்மணியையே சாரும்.

முதலில் தண்ணீர். இவ்வட்டாரத்தில் தோல் பதனிடும் கழிவினால் நிலத்தடி நீர் கெட்ட ஊர்கள் பல. 1996 இல் உச்ச நீதிமன்றமே இதுபற்றித் தீர்ப்பு வழங்கியது. கெட்ட கிணற்று நீரைக் காய்ச்சினால் போதும் என்று சிலர் கருதுகின்றனர். காய்ச்சினால் கிருமிகள் சாகும். உப்பும் குரோமியமும் நீங்கா. குழந்தைகளுக்குக் கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய் நீரையே காய்ச்சி ஆற வைத்துத் தர வேண்டும்.

அடுத்து, வீட்டில் தையல் வேலை நடக்கிறதா? ஊசி, கத்தி, தோல் ஒட்டும் பசை ஆகியவை இருக்கும் அறையில் குழந்தைகள் இருத்தல் கூடாது. பசையின் ஆவி பெரியவர்களுக்கே தலைச்சுற்றலைத் தரும். கதவைச் சாத்திக்கொண்டால் போதாதா எனக் கேட்கலாம். ஓரறை வீட்டில் எந்தக் கதவைச் சாத்துவது?

வருவாயையும் கணக்கிடுவோம். உதாரணமாக, நான்கு குழந்தைகளுக்கு மாதம் தலா ரூ. 1,500 பெற்றால் ரூ. 6,000 ஆகும். பால், சோப்பு, எரிவாயு, பாய் ஆகியவற்றுக்கு ரூ. 1,600 போனால் மீதி ரூ. 4,400, இருபத்தாறு நாளுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய ரூ. 169. மேல்தோல் தைத்து ஈட்டும் கூலியுடன் இதை ஒப்பிட வேண்டும். இரண்டையும் ஒரே வேளையில் செய்ய இயலாது. தாய்க்கு மிகைநேர வேலை நேர்ந்தால் குழந்தை எந்நேரம் வரை இருக்கும், காய்ச்சல் கண்டால் யாரை அழைப்பது என்பனவற்றை முதல் நாளே பேசி எழுதிக்கொள்ளுதல் நலம். உறவினர் என்பதால் பேசாமல் விடுவதே பின்னர் மனக்கசப்புக்கு வித்தாகிறது. வயதான மாமியாரையும் கவனிக்க வேண்டியவர், தம்மால் இயலாது என்று சொல்வதில் குற்றமில்லை.

நான்கு குழந்தைகளுக்கு ஒரு வீடு போதும். இருபது குழந்தைகள் உள்ள தெருவிற்குப் போதாது. 2022 முதல் மத்திய அரசின் பால்னா திட்டத்தில், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அங்கன்வாடியுடன் இணைந்த காப்பகம் அமைக்க வழி உண்டு. வேலைக்குச் செல்லும் தாய்மார்களின் பெயர்களையும், குழந்தைகளின் வயதையும், தாய்மார் வீடு திரும்பும் நேரத்தையும் பட்டியலாக எழுதி, அடுத்த கிராம சபையில் தீர்மானமாக வைத்து, குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கு அனுப்பலாம்.