மழைக்காலத்தில் எல்இடி விளக்கு மினுக்கினால்...

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது. மாலையிலேயே விளக்கு போட வேண்டியிருக்கிறது. அரையாண்டுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இரவு நெடுநேரம் அந்த வெளிச்சத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள். விளக்கு மினுக்கினால், கோளாறு பல்பிலா வயரிங்கிலா என்று முதலில் கண்டுபிடியுங்கள்.

பல்பைச் சோதியுங்கள்: செல்போன் கேமராவை ஸ்லோமோஷனில் வைத்துப் பல்பைப் படம் பிடியுங்கள். வெளிச்சம் சீராகத் துடித்தாலோ, கறுப்புப் பட்டைகள் ஓடினாலோ கோளாறு பெரும்பாலும் பல்பில்தான். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் வெளிச்சம் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கப் பார்க்கும். அதைச் சமன்படுத்துவது பல்புக்குள் இருக்கும் டிரைவர் சர்க்யூட்டில் உள்ள கெபாசிட்டரின் வேலை. மலிவான பல்புகள் சிலவற்றில் அது மிகச் சிறியதாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. நல்ல பல்பிலும் அது சூட்டில் நாளடைவில் வலுவிழக்கும். இந்தத் துடிப்பு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சிலருக்குத் தலைவலியும் கண் சோர்வும் தரும். படிக்கும் மேசை விளக்கை முதலில் மாற்றுங்கள்.

வாங்கும்போது: கடையிலேயே எரியவிட்டு, கேமராவில் பட்டை தெரியாததை எடுங்கள். 100 ஹெர்ட்ஸில் ஏற்ற இறக்கம் 8 சதவீதத்துக்குள் இருந்தால் அபாயம் குறைவு என்கிறது ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பின் 1789 பரிந்துரை (2015). டிம்மர் உள்ள இடத்தில் ‘டிம்மபிள்’ என்று அச்சிட்ட பல்பை மட்டும் போடுங்கள்.

அணைத்த பிறகும் மின்னினால்: சுவிட்சில் உள்ள இண்டிகேட்டர் வழியே சிறிது மின்சாரம் கசியலாம். அல்லது சுவிட்சை ஃபேஸில் போடாமல் நியூட்ரலில் போட்டிருக்கலாம். அப்படியிருந்தால் சுவிட்சை அணைத்தாலும் ஹோல்டரில் மின்சாரம் இருக்கும். எலெக்ட்ரீஷியனை அழைத்து மாற்றிவிடுங்கள்.

உடனே கவனியுங்கள்: விளக்கு ஒழுங்கில்லாமல் மினுக்கி, ஃபேன் வேகமும் மாறினால் எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கலாம். ஒரு அறையில் விளக்கு மங்கி, இன்னொரு அறையில் அளவுக்கு மீறிப் பிரகாசித்தால் நியூட்ரல் விட்டுப்போயிருக்கலாம். மூன்று ஃபேஸ் வீடுகளில் அப்போது 230 வோல்ட் 400 வரைகூட ஏறக்கூடும். டிவி, ஃபிரிட்ஜ் கருகிவிடும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, தமிழ்நாட்டில் மின்வாரியச் சேவை மையமான மின்னகத்தை 94987 94987 எண்ணில் அழையுங்கள்.

சுவரில் ஈரம் இருந்தால் சுவிட்ச் போர்டைத் தொடாதீர்கள். பல்பை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். தளர்ந்த இணைப்பை இன்றே சரிசெய்துவிடுங்கள்.