இது வேறு கவுன்சிலிங்

வெள்ளிக்கிழமை மாலை, வருகைப் பதிவேட்டை மூடிக்கொண்டே, “நாளைக்குக் கவுன்சிலிங் போகணும் சார்” என்று பக்கத்து மேசைக் கணித ஆசிரியரிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “தேதி அறிவிச்சுட்டாங்களா டீச்சர்? எந்த ஊர் கேக்கப் போறீங்க?” நமக்குக் கவுன்சிலிங் என்றால் பணியிட மாறுதல் கலந்தாய்வுதானே! “இன்னும் முடிவு பண்ணல சார்” என்று சிரித்துச் சமாளித்தேன். வீட்டில் குறுவள மையக் கூட்டம் என்று சொல்லியிருந்தேன். மறுநாள் காலை இரண்டு பேருந்து மாறி, என்னைத் தெரிந்தவர் யாருமில்லாத ஊரில், ஒரு தனியார் உளவியல் ஆலோசகரின் வாசலில் செருப்பைக் கழற்றினேன்.

மாணவர்களை ஆலோசகரிடம் அனுப்புவது நமக்குப் பழக்கம். நாமே போவது பழக்கமில்லை. அந்த அறைக்குள் என்ன நடக்கும் என்று தெரியாததுதான் என் தயக்கத்தில் பாதி. யாராவது முன்பே சொல்லியிருந்தால் ஓராண்டுக்கு முன்பே போயிருப்பேன். அந்த ஒருவராக இருக்கவே இதை எழுதுகிறேன்.

ஏன் போனேன்?

ஏழாம் வகுப்பு, மதிய உணவுக்குப் பிந்தைய பாடவேளை. முதல் பெஞ்சு மாணவி ஒருத்தி மூன்றாவது நாளாக வீட்டுப்பாடம் எழுதி வரவில்லை. அவள் நோட்டை வாங்கிச் சுவரில் வீசினேன். வகுப்பே உறைந்துபோனது. மறுநாள் அவள் தானாகவே கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். பத்தொன்பது ஆண்டுப் பணியில் நான் எந்த நோட்டையும் வீசியதில்லை.

அதற்குப் பல மாதங்கள் முன்பிருந்தே அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். காரணமில்லாமல் எரிச்சல். பிடித்த வேலைகளில் ஆர்வமில்லை. முதலில் மருத்துவரிடம் காட்டி இரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. உடல் பரிசோதனையை முதலில் முடித்தது நல்லதாயிற்று. தைராய்டு குறைபாடும் இரத்தசோகையும்கூட மனச்சோர்வு போலவே தோன்றக்கூடும். “ஒரு ஆலோசகரைப் பாருங்க டீச்சர்” என்றவர் அந்த மருத்துவர்தான்.

யார் யார்?

மூன்று வகையினரை நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம்.

மனநல மருத்துவர்: எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவத்தில் மேற்படிப்புப் படித்தவர். நோயை உறுதிசெய்து மருந்து எழுதுபவர்.

மருத்துவ உளவியலாளர்: உளவியல் பட்டத்துக்குப் பின் மருத்துவமனைப் பயிற்சியுடன் கூடிய சிறப்புப் படிப்பு முடித்து, இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்தவர். உளவியல் சோதனைகளும் பேச்சுவழிச் சிகிச்சையும் இவர் பணி. மருந்து தரமாட்டார்.

உளவியல் ஆலோசகர்: உளவியல், ஆற்றுப்படுத்துதல் அல்லது சமூகப்பணி படித்துப் பயிற்சி பெற்றவர். மன அழுத்தம், குடும்பச் சிக்கல், துயரம், கோபம் போன்றவற்றில் பேச்சின் வழியே உதவுபவர். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்பிவைப்பார்.

‘ஆலோசகர்’ என்று பெயர்ப்பலகை வைத்திருக்கும் எல்லோரும் ஒரே படிப்புப் படித்தவர்கள் அல்லர். ஆகவே படிப்பையும் பயிற்சியையும் கேட்பதில் கூச்சம் வேண்டாம். நல்ல ஆலோசகர் அந்தக் கேள்வியைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

தொலைபேசியிலேயே கேட்க வேண்டியவை

நான் ஒரு தாளில் எழுதிவைத்துக் கேட்டேன். என்ன படித்திருக்கிறீர்கள்? எத்தனை ஆண்டு அனுபவம்? ஒரு அமர்வு எவ்வளவு நேரம், கட்டணம் எவ்வளவு? வர முடியாவிட்டால் எவ்வளவு முன்னதாகச் சொல்ல வேண்டும்? தமிழில் பேசலாமா? நேரிலா, காணொலியிலா? எனக்குச் சொல்லப்பட்டது 50 நிமிடம், 800 ரூபாய், ஒரு நாள் முன்னதாகச் சொன்னால் கட்டணம் இல்லை. ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் கட்டணம் மாறும். எப்படியும் அது அமர்வு தொடங்கும் முன்பே தெளிவாக இருக்க வேண்டும்.

முதல் அமர்வு

சாய்வுக் கட்டிலும் சுவர்க்கடிகாரமும் இருக்கும் என்று சினிமா பார்த்துக் கற்பனை செய்திருந்தேன். இரண்டு பிரம்பு நாற்காலி, ஒரு தண்ணீர்ச் சொம்பு, ஒரு மின்விசிறி. அவ்வளவுதான்.

முதலில் ஒரு படிவம்: வயது, வேலை, குடும்பம், சாப்பிடும் மாத்திரைகள், அவசரத்துக்கு யாரை அழைக்கலாம் என்ற விவரம், சம்மதக் கையொப்பம். பிறகு ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாள். கடந்த இரண்டு வாரங்களில் தூக்கம், பசி, ஆர்வம், சோர்வு, கவனம் எப்படி இருந்தன என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை நாமே மதிப்பெண் இட வேண்டும். பி.எச்.கியூ.-9 என்று அதற்குப் பெயர், மொத்தம் 27. மதிப்பெண் என்றதும் எனக்குள் இருந்த ஆசிரியர் விழித்துக்கொண்டார். “இதுல பாஸ் மார்க் எவ்ளோ மேடம்?” என்றேன். அவர் சிரித்தார். “இது தேர்வு இல்ல டீச்சர். ஜூன் மாசம் பிள்ளைங்க எங்க நிக்கிறாங்கன்னு பாக்க ஒரு தேர்வு வைப்பீங்கல்ல, அந்த மாதிரி.”

அது எனக்குச் சட்டென்று புரிந்தது. முதல் அமர்வில் தீர்வு கிடைக்காது. நாம் எங்கே நிற்கிறோம் என்பதை இருவரும் சேர்ந்து பார்ப்பதுதான் அன்றைய வேலை.

ஒரு கேள்வியை அவர் சுற்றி வளைக்காமல் கேட்டார்: “உயிரோட இருக்க வேண்டாம்னு எப்பவாவது தோணியிருக்கா?” அப்படிக் கேட்பது அந்த எண்ணத்தை ஒருவர் மனதில் விதைத்துவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது உண்மையன்று. நேராகக் கேட்டால்தான் மனம் திறக்க வழி கிடைக்கிறது. “தூங்கி எழாமலே போயிட்டா நல்லாருக்கும்னு ரெண்டு தடவை தோணிச்சு” என்றேன். அதுவரை யாரிடமும் சொல்லாத வாக்கியம். அவர் பதறவில்லை, திட்டவில்லை. எப்போது, எவ்வளவு நேரம், ஏதாவது திட்டம் இருந்ததா என்று விசாரித்தார். அந்த எண்ணம் மீண்டும் வந்தால் யாரிடம் பேசுவேன், எந்த எண்ணை அழைப்பேன் என்று என் கையாலேயே எழுதவைத்தார்.

நான் எதிர்பார்த்த அறிவுரை மட்டும் கடைசிவரை வரவே இல்லை. கேள்வி கேட்டார், காத்திருந்தார். நாம் வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டு, பிள்ளைகள் யோசிக்கும் முன்பே விடையையும் சொல்லிவிடுகிறோம். அவர் அப்படிச் செய்யவில்லை. அந்த மௌனத்தில்தான் அழுதேன். அழுகை வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, இரண்டும் இயல்புதான்.

நான் சொன்னது வெளியே போகுமா?

தலைமையாசிரியருக்குத் தெரிந்துவிடுமோ, பணிப்பதிவேட்டில் ஏறிவிடுமோ என்பதே என் பெரிய பயம். மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017-இன் 23ஆம் பிரிவு, மனநல சிகிச்சை பெறுவோரின் விவரங்களை இரகசியமாகக் காக்கும் உரிமையைத் தருகிறது. ஆலோசகர்களின் தொழில் நெறியும் அதையே வலியுறுத்துகிறது. ஆனால் அதற்கு எல்லைகள் உண்டு. நமது உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து இருந்தால் அவர் உரியவர்களிடம் சொல்ல வேண்டிவரும். நீதிமன்றம் கேட்டாலும் தர வேண்டிவரும். குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால், போக்சோ சட்டம் 2012-இன்படி நம்மைப் போலவே அவரும் புகார் செய்யக் கடமைப்பட்டவர். இந்த எல்லைகளை அவர் முதல் அமர்விலேயே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நாம் கேட்க வேண்டும்.

அடுத்தடுத்த அமர்வுகள்

இரண்டாவது அமர்வு முடிந்து வீடு திரும்பியபோது முன்பைவிடக் கனமாக உணர்ந்தேன். மூடிவைத்ததைத் திறக்கும்போது தொடக்கத்தில் அப்படி இருப்பதுண்டு. அடுத்த முறை போய் அதையே சொன்னேன். அதுவும் அமர்வில் பேச வேண்டிய செய்திதான்.

எனக்கு வீட்டுப்பாடமும் உண்டு. நோட்டில் மூன்று கட்டம்: என்ன நடந்தது, அப்போது மனதில் ஓடிய எண்ணம் என்ன, எவ்வளவு கோபம். அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960களில் உருவாக்கிய சிகிச்சைமுறையில் இதற்கு முக்கிய இடம் உண்டு. நிகழ்வு நேரடியாக நம்மைக் கோபப்படுத்துவதில்லை, இடையில் ஓடும் எண்ணமே கோபத்தைக் கூட்டுகிறது என்பது அதன் அடிப்படை. நோட்டை வீசிய நாளில் என் மனதில் ஓடியது, ‘இவள் என்னை மதிக்கவில்லை.’ வேறு எப்படியும் இருந்திருக்கலாமா என்று கேட்டார் ஆலோசகர். விசாரித்தபோதுதான் தெரிந்தது, அவள் பாட்டி மருத்துவமனையில் இருந்தார். வீட்டில் சமைத்தது அந்தப் பிள்ளைதான்.

இம்முறையில் பொதுவாக 6 முதல் 20 அமர்வுகள் வரை ஆகும். எனக்கு எட்டு ஆயிற்று. ஐந்தாவதில் அந்த ஒன்பது கேள்விகளை மீண்டும் நிரப்பி, முதல் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். தூக்கம் திரும்பியிருந்தது. எரிச்சல் குறைந்திருந்தது, முழுதும் போகவில்லை.

சரிப்படவில்லை என்றால்?

இரண்டு மூன்று அமர்வுகளுக்குப் பின்னும் மனம் ஒட்டவில்லை என்றால் அதை அவரிடமே சொல்லலாம், வேறொருவரிடம் மாறலாம். அது நன்றி மறந்த செயலாகாது. ஆனால் சில இடங்களிலிருந்து உடனே விலகிவிட வேண்டும்: “பத்து நாளில் குணம்” என்று உறுதி தருபவர், மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தச் சொல்பவர், பரிகாரம் செய்யச் சொல்பவர், நம்மைக் குற்றவாளியாக்கிப் பேசுபவர், அமர்வுக்கு வெளியே நெருக்கமோ பணத் தொடர்போ தேடுபவர்.

செலவு தாங்காதவர்களுக்கு வழி இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி-மானஸ் உதவி எண் 14416 இருபத்துநான்கு மணி நேரமும் இலவசம்; தமிழிலேயே பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 எண்ணிலும் உதவி கிடைக்கும்.

வகுப்பறைக்குத் திரும்பி

“இப்படியே பண்ணிட்டிருந்தா உன்னைக் கவுன்சிலிங்குக்கு அனுப்பிடுவேன்.” இதை நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். உதவியைத் தண்டனையாக அறிமுகப்படுத்தியிருக்கிறேன். இப்போது ஒரு பிள்ளையை அனுப்ப நேர்ந்தால் அருகில் உட்கார வைத்து, அங்கே என்ன நடக்கும் என்று சொல்கிறேன்: “கேள்வி கேப்பாங்க. பிடிச்சா பதில் சொல்லு, இல்லன்னா பொறுத்துச் சொல்லு. திட்டமாட்டாங்க. நானும் போயிருக்கேன்.” கடைசி வரியைக் கேட்டதும் பிள்ளைகளின் முகம் மாறுகிறது.

அந்த மாணவியிடம் தாழ்வாரத்தில் வைத்து மன்னிப்புக் கேட்டேன். “பரவால்ல டீச்சர்” என்றாள். அந்த ஆண்டு முழுவதும் அவள் முதல் பெஞ்சுக்கு வரவில்லை. நான் வரச் சொல்லவும் இல்லை. ஆனால் பிப்ரவரியில் ஒருநாள், கடைசி பெஞ்சிலிருந்து ஒரு சந்தேகம் கேட்டாள். அது போதும் என்று இருந்தது.

கணித ஆசிரியரிடம் பிறகு உண்மையைச் சொன்னேன். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மெல்லக் கேட்டார்: “அந்த ஊருக்கு எந்தப் பஸ் டீச்சர்?”

சிந்திக்க, செய்து பார்க்க

1. கடந்த இரண்டு வாரங்களில் உங்கள் தூக்கம், பசி, எரிச்சல், ஆர்வம் எப்படி இருந்தன? ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

2. வகுப்பில் கோபம் வந்த ஒரு தருணத்தை மூன்று கட்டங்களில் எழுதுங்கள். உங்கள் எண்ணத்துக்கு மாற்றாக வேறு இரண்டு காரணங்களைத் தேடுங்கள்.

3. உங்கள் பள்ளியில் ‘கவுன்சிலிங்’ என்ற சொல் மாணவர்களிடம் எந்தத் தொனியில் சொல்லப்படுகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். ஆசிரியர் அறையில் அதைப் பற்றிப் பேசுங்கள்.