கேள்விக்கு என்ன பதில்?

கேள்வி: புதுக் குடியிருப்பைத் திட்டமிடும்போது, வாழப்போகிறவர்களிடம் கேட்பதால் என்ன பயன்? நிபுணர்களுக்குத் தெரியாததா?

பதில்: எப்படிக் கட்டுவது என்பது நிபுணருக்குத் தெரியும், எதை விட்டுக்கொடுக்கலாம் என்பது குடியிருப்பவருக்குத்தான் தெரியும். சிலி நாட்டின் இகிக்கே நகர மையத்தில், கின்டா மொன்ராய் என்ற இடத்தில் சுமார் நூறு குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்தன. புது வீடு கட்ட அப்போது அரசு தந்த மானியம் குடும்பத்துக்கு 7,500 டாலர், நிலம் வாங்கவும் அதுதான். முழு வீட்டுக்கு அது போதவில்லை.

கட்டடக் கலைஞர் அலெஹாந்த்ரோ அராவெனா குழுவினர் கணக்கை ஒளிக்காமல் மக்கள் முன் வைத்தார்கள். அதைத்தான் பெரிதாகச் சொல்வேன். வரைபடம் முடிந்தபின் கூட்டம் போட்டால் அது கேட்பதே ஆகாது. அடுக்குமாடிக்கு மக்கள் ஒப்பவில்லை. ஊருக்கு வெளியே போனால் பிழைப்பு போய்விடும். ஆகவே அதே இடத்தில் பாதி வீடு எழுந்தது: சமையலறை, குளியலறை, மாடிப்படி, பக்கத்தில் காலியிடம். கையில் காசு சேரச் சேர, அந்த இடத்தில் அறைகளைக் குடும்பங்களே கட்டிக்கொண்டன.