வாணவேடிக்கைக் குழுவுக்கு ஓர் இணையதளம்

வெடித் தொழிலுக்குப் பேர்போன ஊர் வலங்கைமான். கோயில் திருவிழாவுக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் வாணம் விடும் அவ்வூர்க் குழுவுக்கு ஒரே பக்க இணையதளம் போதும்; கூகுள் சைட்ஸில் காசில்லாமல் அமைக்கலாம். எந்த ஊர்கள் வரை வருவீர்கள் என்பதையும், தொட்டதும் அழைப்பு போகும் எண்ணையும் மேலேயே போடுங்கள். நீங்கள் விட்ட வாணத்தின் படம்தான் வேண்டும், இரவல் படம் வேண்டாம். வீடியோவை யூடியூபில் ஏற்றி இணைத்தால் பக்கம் சட்டென்று திறக்கும்.

மிக முக்கியம்: பட்டாசை இணையத்தில் விற்க உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தடை விதித்தது. எனவே வெடிகளுக்கு விலைப்பட்டியலோ 'வாங்க' பொத்தானோ கூடாது. நிகழ்ச்சி முன்பதிவுக்கான விசாரிப்பு மட்டும் இருக்கட்டும்.

தளத்துக்குத் தனி இணைய முகவரி வாங்கினால் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதியுங்கள். தளம் அமைத்துத் தந்த பையன் வெளியூர் போய்விட்டாலும் ஆண்டுதோறும் புதுப்பிப்பது உங்கள் கையில் இருக்கும்.